பேர் சொல்லாதவள்

போயிட்டு வர்றேன் தெய்வா என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன், நழுவி வரவில்லை, அதையே திருப்பித் திருப்பி மனசுக்குள் சொல்லிக்கொண்டு பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், டீ ஆடை கட்டிவிட்டது. போன இரண்டு தடவையும் நழுவித்தான் வந்தேன். மறதி வந்த கிழங்களைப் பகலில் வைத்துப் பார்த்துக்கொள்கிற இந்த சென்டரில் அப்போது இருந்த அம்மாள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாள், அவங்க பராக்குப் பாக்கறப்ப நைசா வெளிய போயிருங்க, பால்வாடியில புள்ளைய உட்டுட்டு வர்ற மாதிரி என்று. பால்வாடிப் பிள்ளை கொஞ்ச நேரம் அழுதுவிட்டு சத்துமாவு உருண்டையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்ளும். என் பெண்டாட்டி எழுபது வயதுக்காரி, சத்துமாவு உருண்டைக்கு மயங்குவாளா. கம்பிக் கதவைப் பிடித்து உலுக்கியிருக்கிறாள், தொண்டை கட்டுகிற மட்டும் கத்தியிருக்கிறாள், நான் போய்ச் சேரும்போது அங்கிருந்த மற்ற கிழங்களும் கூடச் சேர்ந்து அழுதுகொண்டிருந்தன. இப்போது வந்திருக்கிற பிரமிளா நர்ஸ் வேலை பார்த்தவள், விவரமானவள். நழுவக் கூடாதுப்பா, மொகத்தப் பாத்துச் சொல்லீட்டுப் போங்க, அவங்க மறந்தாலும் பரவால்ல என்றாள். முகத்தைப் பார்த்துச் சொன்னேன். தெய்வா என் சட்டைப் பித்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய தெய்வாவாக இருந்தால், ம், வாங்கோ என்றிருப்பாள். இவள் பித்தானைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். இன்றைக்கும் அழுதால் பிரமிளாவால் ஒன்றும் செய்ய முடியாது, அதையும் பக்குவமாகச் சொல்லிவிட்டாள். வியாழக்கிழமை எனக்கு ஆபரேசன். குளியலறையில் வழுக்கி உட்கார்ந்தவளைத் தூக்கப்போய் என் அடிவயிற்றில் குடல் இறங்கி நிற்கிறது, இனி ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாதாம். இன்றைக்கு இவள் அழாமல் தங்கிவிட்டால் நான் எழுந்து நடமாடுகிற வரைக்கும், மற்றவர்களுக்கு இல்லாத சலுகையாக, தினமும் பகலெல்லாம் சென்டரில் வைத்துக்கொள்கிறேன் என்று பிரமிளா ஒப்புக்கொண்டிருக்கிறாள், ராத்திரிக்கு மகள் கோகிலா லீவு போட்டு வருவாள். தங்காவிட்டால் கோகிலா அவளைப் பெங்களூருக்குக் கூட்டிப்போய் ஒரு ஹோமில் சேர்த்துவிடுவாள். கொஞ்ச நாளைக்குத்தாம்ப்பா என்கிறாள். கொஞ்ச நாளைக்கு என்று போனவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. டீயை மாற்றித் தரட்டுமா என்று கடைக்காரர் கேட்கிறார், வேண்டாம் என்கிறேன், ஆறினதையே குடிக்கிறேன்.

காலையில் விட்டால் மத்தியானம் கூட்டிப்போக வேண்டும், அதுவும் வாரத்தில் மூன்று நாள்தான். இந்த இடைவெளியில் ஒரு மனுசன் என்ன செய்வான், ரேஷன் கடை வரிசையிலேயே அது போய்விடும். வீட்டுக்குப் போய்க் காலை நீட்டலாம் என்றால் காது நீள மாட்டேன் என்கிறது, கொல்லைக் கதவு திறக்கிறதா, கேஸ் அடுப்பு சீறுகிறதா என்று அவள் இல்லாத வீட்டில் அவளைக் காவல் காக்கிறது. பிரமிளா எங்களைப் போன்ற ஆட்களை ஒரு நாள் கூப்பிட்டு உட்காரவைத்து, சென்டரில் என்ன மாற்றலாம் என்று கேட்டாள். எல்லாரும் நல்லாத்தான் இருக்குதுங்க என்று தலையாட்டினார்கள், தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்கிற கூச்சம். எனக்கு வாய் சும்மா இருக்காது. முதலில் அந்தக் கம்பிக் கதவை என்னமாச்சும் செய்யுங்க அம்மணி, ஜெயில் மாதிரி இருக்குது, எனக்கே உள்ளே வந்தால் வெளியே போகத்தான் தோன்றுகிறது என்றேன். சாயங்காலம் வரை வைத்துக்கொண்டால் நாங்கள் ஒரு தூக்கமாவது போடுவோம் என்றேன். எழுதிக்கொள்ளவில்லை, கேட்டுக்கொண்டாள். மறுவாரம் கம்பிக் கதவை மறைத்துப் பூப்போட்ட திரை தொங்கியது. சாயங்காலத்துக்கு இன்னொரு ஆள் கிடைத்தால் பார்க்கலாம் என்றாள். சொன்னதைச் செய்கிற ஆள் எனக்குப் பிடிக்கும், அதனால் அவள் கேட்டபோது பதில் சொல்ல முடியாமல் போனது இன்னும் உறுத்துகிறது. அம்மாவுக்கு என்னப்பா பிடிக்கும், அதை வெச்சு உக்காரவெக்கலாம் என்றாள். நல்லா சமைப்பாளுங்க என்றேன், என் தெய்வா வைக்கிற அரிசிம்பருப்புச் சோற்றுக்கு ஈடு இந்தக் கோயமுத்தூரிலேயே கிடையாது என்று பெருமை வேறு அடித்தேன். பிரமிளா சிரிக்காமல் சொன்னாள்.

"அது உங்களுக்குப் புடிச்சதுங்கப்பா. அவங்களுக்கு என்ன புடிக்கும்?"

அதிலேயே நிற்கிறேன், அன்றிலிருந்து. சினிமா பிடிக்குமா, நான் கூட்டிப்போனால் வருவாள். பாட்டு பிடிக்குமா, ரேடியோ பாடினால் பாடட்டும் என்று விடுவாள். பூ வைத்துக்கொள்வாள், யார்தான் வைப்பதில்லை. இத்தனை வருசம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வதைவிட அதிகமாக ஒன்றும் சொல்ல வரவில்லை. சரி, அவளுக்கு என்னைப் பற்றி என்ன தெரியும், இப்போது என்ன மிச்சம் இருக்கிறது, அங்கேதான் மனசு போய் முட்டுகிறது, எந்தச் சந்தில் நுழைந்தாலும் அந்தச் சுவரில்தான் முடிகிறது. அவளுக்கு என் பேர் தெரியுமா. நரம்பு டாக்டர் அதைத்தான் கேட்டார். இன்னிக்கு என்ன கிழமைம்மா என்றார், தெரியவில்லை. எந்த மாசம், தெரியவில்லை. உங்க வீட்டுக்காரர் பேர் என்னம்மா என்றார். தெய்வா என்னைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள், உதட்டோரம் ஒரு சின்னச் சிரிப்பு. அதுவும் தெரியல என்றார் டாக்டர் கோகிலாவிடம். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. டாக்டர், அந்தக் கேள்வி இவளுக்குச் செல்லாது, மூளை நன்றாக இருந்த காலத்திலேயே இவள் அதற்குப் பதில் சொன்னவள் இல்லை என்றேன். அவர் சின்ன வயசுக்காரர், மரியாதைக்குச் சிரித்தார். வெளியே வந்ததும் கோகிலா, அப்பா நீங்களே உங்கள ஏமாத்திக்காதீங்க என்றாள். அவளுக்கு என்ன தெரியும். அவள் பிறந்த அன்று பிரசவ வார்டில் நர்ஸ் கேட்டாளாம், புருசன் பேர் என்ன என்று. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவள் அப்போதும் சொல்லவில்லை. பெத்துக்கத் தெரியுது, பேர் சொல்லத் தெரியலையா என்று நர்ஸ் திட்டியிருக்கிறாள். கடைசியில் துணைக்குப் போன அடுத்த வீட்டு அக்காதான் சொன்னாள், சென்னியப்பன், மில் வயர்மேன் என்று. ரேஷன் கடையில் கார்டை நீட்டுவாள், வாயைத் திறக்க மாட்டாள். கோயிலில் குருக்கள் அர்ச்சனைக்குப் பேர் கேட்டால் என்னைப் பார்ப்பாள், என் பேரை நானே சொல்லி எனக்கே அர்ச்சனை செய்துகொள்வேன். சொன்னால் புருசனுக்கு ஆயுசு குறையும் என்று அந்தக் காலத்துப் பொம்பளைகளுக்கு ஒரு பயம். என் ஆயுசை இவள் இப்படிக் கட்டிக் காத்துத்தான் எழுபத்துச் சொச்சம் வரை இழுத்து வந்திருக்கிறாள் என்று கேலி பேசியிருக்கிறேன். ஆக, சொல்லாதது மறந்ததால் என்று யாரும் நிரூபிக்க முடியாது, அதுதான் என்னிடம் இருக்கிற ஒரே தெம்பு. ஆனால் மறக்கவில்லை என்று என்னாலும் நிரூபிக்க முடியாதே. பூட்டின அறைக்குள் சாமான் இருக்கிறதா காலியா என்று வெளியே நின்றுகொண்டு எப்படிச் சொல்வது. என்னை அவள் கூப்பிட்டதெல்லாம் ஏனுங் என்றுதான். ஏனுங், சோறு வெக்கட்டுமா. ஏனுங், மழ வர்ற மாதிரி இருக்குது. இப்போது பால்காரனும் ஏனுங், வாட்ச்மேனும் ஏனுங், டிவியில் செய்தி வாசிக்கிறவனும் ஏனுங். எனக்கென்று இருந்த ஒரே வார்த்தையை ஊருக்கெல்லாம் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டாள். கோபம் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

எப்போதுமே சொல்லாதவள் என்றால்கூடப் பரவாயில்லை. சொன்னவள்தான். என் தாய்மாமன் மகள், மில் லைன் வீடுகளில் எங்கள் வீட்டுக்கு நாலு கதவு தள்ளி அவர்கள் வீடு. அப்பாவும் மாமனும் ஒரே மில், ஒரே சிப்ட், சங்கு ஊதினால் இரண்டு வீட்டுச் சோற்றுத் தூக்குப்போசியும் சேர்ந்தே கிளம்பும். என்னைவிட மூன்று நாலு வயது சின்னவள், ஆனால் டேய் சென்னி என்றுதான் கூப்பிடுவாள், லைன் கோடியிலிருந்து கத்தினால் மில் கேட்டில் நிற்கிற கூர்க்கா திரும்பிப் பார்ப்பான். கட்டிக்கப் போறவன அப்படிக் கூப்பிடக் கூடாதுடி என்று என் அம்மா அவள் தலையில் குட்டுவாள், குட்டின அத்தைக்குப் பின்னாலேயே அவள் ஒளிந்துகொண்டு இன்னொரு தடவை டேய் சென்னி என்பாள். பஞ்சு பறக்கும் அந்தத் தெருவில், மழை பெய்தால் எல்லார் தலையிலும் ஒட்டிக்கொள்ளும், கிழவர் குமரர் என்றில்லாமல் எல்லாருக்கும் நரை. கேன்டீனில் வெள்ளிக்கிழமை கேசரி போடுவார்கள், அந்த நெய் வாசம் எந்தச் சாமி வீதிக்கு வந்தாலும் வராது. அந்தத் தெருவை நினைத்தால் எனக்கு முதலில் காதுதான் நிறைகிறது, அந்தக் கத்தல். வெற்றிலை பாக்கு மாற்றி நிச்சயம் செய்த மறுநாள் காலையில் குழாயடியில் நான் பல் விளக்கிக்கொண்டு நிற்கிறேன், அவள் குடத்தோடு வந்தாள். வாய் திறந்தது, அந்த முதல் எழுத்துக்கு நாக்கு மேலே போய்விட்டது, பிறகு வாய் மூடிக்கொண்டது. குடத்தைப் பார்த்தபடி, ஏனுங், தண்ணி வந்துருச்சுங் என்றாள். குழாயடியே கொல்லென்று சிரித்தது. நான் என்ன செய்தேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன், நானும் பெரிய மனுசன் ஆகிவிட்டேனாம். கையில் இருந்ததைப் பறிகொடுத்துவிட்டுப் பரிசு வாங்கின மாதிரி நின்ற மடையன். அன்றைக்கு ராத்திரியே அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன், அம்மாவும் பாரு, புள்ளைக்குப் பொறுப்பு வந்துருச்சு என்றாள். அம்மா போய்விட்டாள், மாமன் போய்விட்டார், லைனில் என்னோடு பம்பரம் விட்டவன்கள் எல்லாம் போய்விட்டான்கள். சென்னி என்று என்னை வெறும் பேரில் கூப்பிட இந்தப் பூமியில் ஒரு நாக்கும் பாக்கி இல்லை. ஐயா, அப்பா, அண்ணா, பெரியவரே. எல்லாம் மரியாதைதான், ஒன்றிலும் நான் இல்லை.

கோகிலா கூப்பிடுகிறாள், போன் மேசை மேல் நடுங்குகிறது. அம்மா எப்படி இருக்குது, அழுகுதா என்று கேட்கிறாள். தெரியல, நான் வெளிய இருக்கறேன், அழுதா பிரமிளா கூப்பிடறேன்னு சொல்லியிருக்குது என்கிறேன். கூப்பிடலையா, அப்ப நல்லதுதானே என்கிறாள். நல்லதா. கூப்பிடாமல் இருப்பதற்கு எத்தனையோ காரணம் இருக்கலாம், அதைச் சொன்னால் மகள் பயப்படுவாள், சொல்லவில்லை. அவள் அந்த ஹோமைப் பற்றி மறுபடி ஆரம்பிக்கிறாள், தோட்டம் இருக்கிறதாம், ஆளுக்கு ஒரு ஆள் வைத்துக் கவனிப்பாம். கெட்ட பிள்ளை இல்லை, தூரத்தில் இருப்பதால் பயம் அதிகம், பயத்துக்குத் தோட்டம் வாங்கப் பார்க்கிறாள். அங்க உன்ற அம்மா ஏனுங்னு கூப்புட்டா ஆரு திரும்பிப் பாப்பாங்க அம்மணி என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது, கன்னடத்தில் ஏனு என்பது என்ன என்கிற கேள்வி, இவள் ஏதோ கேட்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள், நினைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் அடிவயிறு வலிக்கிறது. வெக்கறேன் கண்ணு என்று வைத்துவிட்டேன். எழுந்து நடக்கிறேன், உட்கார்ந்தே இருந்தால் புடைப்பு குத்துகிறது. மில் இருந்த இடத்தில் அடுக்குமாடி வந்து வருசம் பலவாகிறது, ஆனாலும் கால் அந்தப் பக்கம் திரும்பும்போது மனசு சங்குக்குக் காத்திருக்கிறது. காவலாளி என்னைப் பார்த்து, யாரப் பாக்கணுங்க என்றான். இங்கே வாழ்ந்து செத்தவர்களைப் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னால் அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு ஓடிவிடுவான். சும்மா என்றேன். கேட்டுக்கு உள்ளே குழாயடி இருந்திருக்க வேண்டிய இடத்தில் கார் நிற்கிறது. ஒருவேளை தெய்வாவுக்கு ஊசி போட்டுத் தூங்கவைத்திருப்பார்களோ. அதனால்தான் பிரமிளா கூப்பிடவில்லையோ. முந்தி ஒரு இடத்தில் அப்படித்தான் செய்தார்கள், கூட்டிவரப் போனபோது வாயோரம் எச்சில் ஒழுகத் தலை சாய்ந்து கிடந்தாள், ரொம்ப சமத்தா இருந்தாங்க என்றார்கள். பிரமிளா அப்படிப்பட்டவள் இல்லை. இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும். அந்தத் திரை வந்ததே நான் சொல்லித்தான், திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று இப்போது தெருவிலிருந்து பார்க்க முடியாது, அந்தப் புத்தியும் என்னுடையதுதான். அவள் சுருங்கிப்போய் மூலையில் உட்கார்ந்து, பித்தானைத் தேடுவது போல விரல்களை அசைத்துக்கொண்டிருப்பாள். நேரம் இருக்கிறது, இன்னும் நிறைய இருக்கிறது, முன்கூட்டிப் போகக் கூடாது, போனால் பழக்கம் கெடும் என்று பிரமிளா சொல்லியிருக்கிறாள். போய்க்கொண்டிருக்கிறேன். அடிவயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வேகமாகத்தான் போகிறேன்.

சென்டர் நடக்கிற குடியிருப்போர் சங்கக் கட்டடத்து வாசலில் சத்தமே இல்லை. கத்தல் இல்லை, அழுகை இல்லை. திரையின் ஓரத்தை விலக்கிப் பார்க்கிறேன். நடுவில் ஒரு கேரம் போர்டு, சுற்றிலும் நாலு நாற்காலி, ஒரு நாற்காலியில் தெய்வா. புடவை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியிருக்கிறாள், முழங்கை வரை பவுடர், ஒரு கண்ணைச் சுருக்கிக் குறி பார்க்கிறாள். சுண்டினாள். சிவப்புக் காய் போய் மூலையில் விழுந்தது. எதிரில் இருந்த தாத்தா அது செல்லாது என்கிறார், செல்லும் என்று இவள் போர்டைத் தட்டுகிறாள். மில் கிளப்பில் வருசக்கணக்காகச் சாயங்காலங்களை நான் கேரமிலேயே தீர்த்திருக்கிறேன், வீட்டில் ஒரு போர்டு வாங்கிப் போடத் தோன்றியதில்லை, இவள் ஆடுவாள் என்று எனக்குத் தெரியாது, எங்கே கற்றாள், எந்த ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கேட்டுத் தெரிந்துகொள்கிற காலம் போய்விட்டது. நான் பார்ப்பதைப் பிரமிளா பார்த்துவிட்டாள், வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள், அதற்குள் தெய்வாவும் நிமிர்ந்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். பித்தானை இல்லை, முகத்தை.

"டேய் சென்னி," என்றாள். "நீ போடா. எனக்கு ஆட்டம் முடியல. அத்தைகிட்டச் சொல்லு, நான் நேரங்கழிச்சு வர்றேன்னு."

சொல்லிவிட்டு ஸ்ட்ரைக்கரை எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். அந்தக் குரல்தான், லைன் கோடியிலிருந்து வருகிற அதே அதட்டல், பல் இரண்டு போனதால் கொஞ்சம் காற்று கலந்திருக்கிறது. பேர் இருக்கிறது. இத்தனை நாளும் உள்ளேதான் இருந்திருக்கிறது, ஒரு எழுத்துக்கூடத் தேயாமல். எனக்குச் சந்தோசமாக இருந்தது, சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போல இருந்தது, டாக்டரையும் கோகிலாவையும் இப்போதே கூட்டி வந்து கேளுங்கள் என்று காட்ட வேண்டும் போல இருந்தது. ஆனால் கூச்சம் இருந்தவரைக்கும் நான் புருசன். கூச்சம் போய்ப் பேர் வந்திருக்கிறது. தாலி, கோகிலா, இத்தனை வருச அரிசிம்பருப்பு, எல்லாவற்றையும் ஒரு தாண்டாகத் தாண்டி நிச்சயத்துக்கு முந்தின நாளில் போய் உட்கார்ந்துகொண்டாள், அங்கே என்னையும் ஒருவனாகச் சேர்த்துக்கொண்டாள், அந்தப் பையன் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. பிரமிளா திரைக்கு வெளியே வந்து மெதுவாகக் கேட்டாள், சென்னீங்கறது யாருங்கப்பா, காலைல இருந்து அந்தப் பேரத்தான் கேட்டுட்டு இருந்தாங்க, சென்னி ஆட வல்லியான்னு, அவங்க தம்பீங்களா, தெரிஞ்சு வெச்சுக்கிட்டா அழுகறப்ப அந்தப் பேரச் சொல்லியே சமாதானப்படுத்தலாம் என்று. அவளுக்கு எப்படித் தெரியும், இங்கே சேர்க்கும்போது எழுதிக் கொடுத்ததெல்லாம் கோகிலா பேரில்தான், நான் வெறும் அப்பா. புருசன் பேரை இந்த வயதுப் பொம்பளை டேய் போட்டுச் சொல்வாள் என்று யாருக்குத்தான் தோன்றும்.

"நான்தானுங் அம்மணி," என்றேன்.

பிரமிளா என்னையே பார்த்தாள். வியாழக்கிழமை நீங்க தைரியமா ஆஸ்பத்திரிக்குப் போங்கப்பா, அம்மா இங்க இருப்பாங்க என்றாள். உள்ளே தாத்தா ஏதோ சொல்ல, தெய்வா சிரிக்கிறாள். நான் இன்னும் போகவில்லையா என்று திரும்பிப் பார்க்கிறாள், புருவத்தைச் சுளிக்கிறாள், போ என்று கையை வீசுகிறாள். செரி தெய்வா, சொல்லீர்றேன் என்றேன். திரையை இழுத்துவிட்டுத் தெருவில் இறங்கி நடக்கிறேன், வெயில் முகத்தில் அடிக்கிறது, அவளுடைய அத்தைக்கு, என் அம்மாவுக்கு, என்னிடம் ஒரு சேதி இருக்கிறது, அதை எந்த வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.